காண்டிரூல்: விண்கற்களில் உறைந்த உருகுதுளிகளின் வரலாறு

காண்டிரூல் என்பது பழமை குலையாத விண்கற்களுக்குள் மணிமணியாகப் பதிந்திருக்கும், ஒரு காலத்தில் உருகிப் பின் உறைந்த கனிமத் துளி ஆகும். பெரும்பாலானவை ரவைக்கும் கடுகுக்கும் இடைப்பட்ட அளவில் இருக்கும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கே உள்ளவையும் உண்டு. அரிதாகச் சென்டிமீட்டரைத் தொடுபவையும் உண்டு. ஒலிவின், பைராக்சீன் என்னும் இரு சிலிக்கேட் கனிமங்கள், அவற்றின் இடையே கண்ணாடி, ஆங்காங்கே நிக்கல் கலந்த இரும்புப் பொட்டுகள், சிறிது இரும்பு சல்பைடு ஆகியவை சேர்ந்ததே ஒரு காண்டிரூல்.

இத்தகைய மணிகள் கொண்ட கற்கள் காண்டிரைட்டுகள் எனப்படுகின்றன. வானிலிருந்து விழக் கண்டு எடுக்கப்பட்ட கற்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 86 காண்டிரைட்டுகளே. அவற்றுள் சாதாரணக் காண்டிரைட்டு என்னும் பிரிவில், கல்லின் பருமனில் 60 முதல் 80 விழுக்காடு வரை காண்டிரூல்களே அடைத்துக்கொண்டிருக்கின்றன. எஞ்சிய இடத்தை உலோகமும் நுண்தூளும் நிரப்புகின்றன. (சி.ஐ. என்ற ஒரு பிரிவில் மட்டும் காண்டிரூல் அநேகமாக இல்லை. பெயர் மட்டும் காண்டிரைட்டு. 1864இல் பிரான்சில் விழுந்த ஒர்கே விண்கல் அவ்வகையினது.)

பூமியில் இதற்கு இணையான பாறை கிடையாது. மீன்முட்டை போல மணிகள் திரண்ட சுண்ணாம்புக்கல் இங்கும் உண்டு என்றாலும், அம்மணிகள் நீரில் சுண்ணாம்பு படிந்து உருண்டவை, உருகியவை அல்ல. காண்டிரூலோ 1,500 டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ந்து, திரவமாக மிதந்து, உறைந்த துளி. வெல்டிங் பட்டறைத் தரையைக் கூட்டினால் உருண்டை உருண்டையான இரும்புப் பொடிகள் அகப்படும். அந்தரத்தில் உறையும் எந்தத் திரவத் துளியும் உருண்டையாகவே முயலும் என்பதற்கு அதுவே சான்று. பட்டறையில் சுடர் எது என்பது தெரியும். சூரியக் குடும்பம் பிறந்த காலத்தில், உறைபனியைவிடக் குளிர்ந்த பெருவெளியில், கணக்கற்ற கோடித் துளிகளை உருக்கிய சுடர் எது என்பதே இரண்டு நூற்றாண்டுகளாகக் கேட்கப்பட்டுவரும் கேள்வி.

இந்தக் கேள்விக்குள் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. காண்டிரூல்கள் கோள்கள் தோன்றுவதற்கு முன்பே உருவாகியிருந்தால், பூமி உட்பட எல்லாம் அவற்றை அடுக்கிக் கட்டிய வீடுகள் ஆகும். முன்பே உருவான கோளங்கள் மோதி உடைந்தபோது அவை தெறித்திருந்தால், அவை இடித்த வீட்டின் சிதறல்கள் ஆகும். செங்கல்லா, இடிபாடா என்பது தெரியாமல் கோள்களின் பிறப்பைப் பற்றி யாரும் உறுதியாகப் பேச முடியாது.

காசிக்கு அருகே விழுந்த கல்

காண்டிரூல்கள் முதன்முதலில் கவனமாக விவரிக்கப்பட்டது ஓர் இந்திய விண்கல்லை வைத்துத்தான். 1798 டிசம்பர் 19 அன்று இரவு, காசிக்கு அருகே கோமதி ஆற்றங்கரையிலுள்ள கிராகுட் என்னும் ஊர்ப்பக்கம் நெருப்புக்கோளம் ஒன்று தோன்றிப் பேரோசையுடன் கற்கள் விழுந்தன. அங்கிருந்த ஜான் லாயிட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயர் விசாரித்து எழுதிய செய்தியும் கற்களும் இலண்டன் போய்ச் சேர்ந்தன.

வானிலிருந்து கல் விழும் என்பதையே அன்றைய ஐரோப்பிய அறிஞர் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. எர்ன்ஸ்ட் கிளாட்னி 1794இல் அதை வாதிட்டு நூல் எழுதியபோது ஏளனமே மிகுந்தது. அச்சூழலில் எட்வர்டு ஹோவார்டு என்ற வேதியியலாளர், காசிக் கல்லையும் இத்தாலியின் சியனா, இங்கிலாந்தின் வோல்டு காட்டேஜ், போகிமியாவின் தாபோர் ஆகிய இடங்களில் விழுந்த கற்களையும் ஒருங்கே சோதித்தார். பிரெஞ்சுப் புரட்சியில் நாட்டைவிட்டு வெளியேறி இலண்டனில் தங்கியிருந்த கனிமவியலாளர் ஜாக் லூயி தெ பூர்னோன் அவருக்குத் துணை நின்றார். ஹோவார்டு உலோகத்தில் நிக்கல் இருப்பதைக் கண்டார். பூர்னோன் கல்லை உருப்பெருக்கியின் கீழ் வைத்து, அதில் உருண்டையும் நீள்வட்டமுமான சிறு மணிகள், இரும்பு, கந்தகம் கலந்த இரும்புக் கனிமம், இவற்றைப் பிணைக்கும் மண் போன்ற பொருள் என நான்கையும் பிரித்துக் காட்டினார். மணிகள் மிகத் தெளிவாகத் தெரிந்தது காசிக் கல்லில்தான். 1802இல் அரச கழகத்தின் இதழில் வெளியான அவ்வாய்வு, வெவ்வேறு நாடுகளில் விழுந்த கற்கள் ஒன்றையொன்று ஒத்தும், உள்ளூர்ப் பாறை எதையும் ஒவ்வாமலும் இருப்பதை நிறுவியது. விண்கல் உண்மை என்ற தீர்ப்புக்கு அந்த மணிகளும் சாட்சி சொல்லின என்று கொள்ளலாம்.

பெயர் வந்தது அறுபது ஆண்டுகள் கழித்து. பெர்லின் அருங்காட்சியகத்தின் விண்கற்களை வகைப்படுத்திய குஸ்தாவ் ரோசு, தானிய மணியைக் குறிக்கும் காண்டிரோஸ் என்னும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு 1860களில் இப்பெயரை இட்டார்.

உலைக்களத்து ஊரின் சோர்பி

காண்டிரூல் உருகிய துளி என்று சான்றோடு சொன்ன முதல்வர் ஹென்றி கிளிப்டன் சோர்பி. பிறந்து வாழ்ந்தது எஃகு உலைகளுக்குப் பெயர்பெற்ற ஷெபீல்டு நகரம். பல்கலைக்கழகப் பதவி எதுவும் தேடாமல், குடும்பச் சொத்தில் வாழ்ந்துகொண்டு, வீட்டிலேயே ஆய்வுக்கூடம் அமைத்தவர். பாறையை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவலாகத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்க்கும் முறையைப் புவியியலுக்குக் கொண்டுவந்தவர்களில் அவர் முதன்மையானவர். கல்லை உடைத்துக் கரைத்துச் சோதிப்பதைவிட, அதன் உள்ளே இருப்பதை இருந்தவாறே காண்பது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை இன்று ஊகிப்பது கடினம். மலையைப் போய் நுண்ணோக்கியில் பார்ப்பதா என்று அக்காலப் புவியியலாளர் சிலர் நகைத்தனர்.

விண்கற்களின் சீவல்களைப் பார்த்த சோர்பிக்கு மூன்று செய்திகள் தெரிந்தன. மணிகளுக்குள் படிகங்களோடு கண்ணாடியும் இருந்தது. உருகிய பொருள் விரைவாகக் குளிர்ந்தாலன்றிக் கண்ணாடி தங்காது. பல மணிகளில் படிகங்கள் மேற்பரப்பில் ஓரிடத்தில் தொடங்கி உள்நோக்கி விசிறிபோல் விரிந்திருந்தன. ஆகவே அவை உறையும்போதே தனித்தனி உருண்டைகளாக இருந்தன, பெரிய பாறையிலிருந்து உடைந்து உருண்டு மழுங்கியவை அல்ல. மூன்றாவது, அவர் ஊரிலேயே கிடைத்த ஒப்புமை. உருகிய உலைக்கசடின்மேல் வெப்பக்காற்றோ நீராவியோ வேகமாகப் பாய்ந்தால் அது சிதறிச் சிறு கண்ணாடி உருண்டைகளாகிறது. விண்கல்லின் மணிகளும் இவற்றை ஒத்திருந்தன.

1877இல் வெளியான உரையில், இம்மணிகள் நெருப்பு மழையின் துளிகள் போல இருந்திருக்க வேண்டும் என்று சோர்பி ஒப்புமை கூறினார். உருக்கிய வெப்பம் சூரியனுடையது என்பது அவர் எண்ணம்: சூரியன் இன்றைவிட விரிந்து கிடந்த காலத்தில், அல்லது அதன் மேற்பரப்பிலிருந்து பீறிடும் தீப்பிழம்புகளிலிருந்து, துளிகள் தெறித்திருக்கலாம். இயற்பியல் அன்று இருந்த நிலையில் அதற்குமேல் அவர் போக வழியில்லை. ஆனால் துளி முதலில், கல் பிறகு என்ற வரிசையை அவர் சரியாகப் பிடித்தார்.

எல்லோரும் உடன்படவில்லை. வியன்னாவின் குஸ்தாவ் செர்மாக், மணிகளை எரிமலைச் சாம்பல் பாறையின் துகள்களோடு ஒப்பிட்டு, சிறு வான்கோளங்களின் எரிமலை வெடிப்பே காரணம் என்றார். 1880இல் ஓட்டோ ஹான் என்ற ஜெர்மானிய வழக்கறிஞர் இன்னும் ஒரு படி மேலே போனார். நியாகின்யா முதலிய விண்கற்களின் சீவல்களை ஒளிப்படம் எடுத்து, காண்டிரூல்கள் எல்லாம் பவளங்கள், கடற்பஞ்சுகள், கடல் அல்லிகள் ஆகியவற்றின் புதைபடிவங்கள் என்று நூலே எழுதிவிட்டார். கம்பி கம்பியாக அடுக்கிய ஒலிவின் படிகங்களைப் பார்த்தால் பவளம் நினைவுக்கு வருவது இயல்புதான். கார்ல் ஃபோக்ட் 1882இல் அதை வரிக்குவரி மறுத்தார். ஹானின் படங்கள் மட்டும் குறை சொல்ல முடியாதவை. காண்டிரூல்களின் தொடக்ககாலப் படத்தொகுதிகளில் அவருடையதும் ஒன்று.

அதன்பின் ஏறத்தாழ அறுபது, எழுபது ஆண்டுகள் இத்துறை தூங்கியது என்றே சொல்லவேண்டும். கற்கள் அருங்காட்சியக அலமாரிகளில் இருந்தன. வயதைக் கணிக்கும் கருவியும், துளியின் ஒரு மூலையை மட்டும் பகுத்தாயும் கருவியும் பிறக்கவில்லை.

செங்கல் கட்சியும் இடிபாட்டுக் கட்சியும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வழக்கு மீண்டும் எடுக்கப்பட்டது. வேதியியலில் நோபல் பரிசு பெற்ற ஹரால்டு யூரே, முன்பே இருந்த வான்கோளங்கள் மோதியதில் பிறந்தவையே இத்துளிகள் என்ற பக்கம் நின்றார். ஜான் வுட் என்ற இளம் ஆய்வாளர் 1963இல் எதிர்ப்பக்கம் வாதிட்டார்: சூரியனைச் சுற்றி வாயுவும் தூசியும் தட்டுபோல் சுழன்ற காலத்திலேயே, கோள் எதுவும் இல்லாதபோதே, அவை உருவாயின.

வுட் பக்கம் ஓர் இடறல் இருந்தது. அந்த வட்டில் வாயுவின் அழுத்தம் மிகக் குறைவு. அத்தகைய அழுத்தத்தில் பாறை ஆவி குளிரும்போது மழையாகாது. பனிப்பூ போல நேரே திடமாகிவிடும். ஆகவே ஆவி குளிர்ந்து துளியானது என்பதைவிட, முதலில் திடத்தூசி திரண்டு, பிறகு திடீரென ஏதோ ஒன்று அதைச் சுட்டு உருக்கியது என்பதே பொருந்தியது. அந்த ஏதோ ஒன்று என்ன? 1966இல் ஃபிரெட் விப்பிள் மின்னல் என்றார். வால்வெள்ளிகளை அழுக்கேறிய பனிக்கட்டி என விளக்கியவர் அவரே. தூசிகள் உரசி மின்னூட்டம் ஏறும், மேகத்தில் போலவே பாயும் என்பது அவர் வாதம். அதிர்ச்சி அலை என்ற எண்ணமும் அதே காலத்தில் பேசப்பட்டது.

1969 இவ்வாய்வின் திருப்பம். அவ்வாண்டு பிப்ரவரி 8 அன்று மெக்சிகோவின் சிவாவா மாநிலத்தில் அயெண்டே என்ற இடத்தருகே விண்கல் சிதறி விழுந்தது. இரண்டு டன்னுக்கு மேல் திரட்டப்பட்டது. நிலவுக் கற்களை ஆராய அமெரிக்க ஆய்வுக்கூடங்கள் புதுக் கருவிகளோடு காத்திருந்த நேரம் அது. நிலவுக் கல் ஜூலையில்தான் வந்தது. அதற்குள் அயெண்டே கிடைத்துவிட்டது. அதில் காண்டிரூல்களோடு, கால்சியமும் அலுமினியமும் செறிந்த வெண்ணிறத் திட்டுகள் இருந்தன. சூரியக் குடும்பத்தில் உறைந்த முதல் திடப்பொருள் இத்திட்டுகளே என்று பின்னர்த் தெரிந்தது. அவற்றின் வயது 456 கோடியே 73 இலட்சம் ஆண்டுகள்.

நிலவுக் கற்களும் வழக்கில் சாட்சி சொல்ல வந்தன. நிலவின் மேற்பரப்பு கோடானுகோடி மோதல்களைத் தாங்கியது. மோதலில் காண்டிரூல் பிறக்குமானால் நிலவு மண் முழுவதும் அதுவாக இருக்கவேண்டும். உருகிய உருண்டைகள் அங்கே இருந்தன, ஆனால் சொற்பம். உடைசலும் தூளுமே மிகுதி. செங்கல் கட்சியின் கை ஓங்கியது.

துளியே எழுதி வைத்த குறிப்புகள்

வானியலாளர்கள் சுடரைத் தேடிக்கொண்டிருக்க, பாறையியலாளர் சிலர் வேறு வழியில் இறங்கினர். அதே வேதிச் சேர்மானத்தில் பொடி கலந்து, சிறு உருண்டையாக்கி, உலையில் உருக்கி, வெவ்வேறு வேகத்தில் குளிரவைத்தால் எது உண்மைக் காண்டிரூலை ஒத்திருக்கிறது என்று பார்த்தனர். 1970களின் இறுதியிலிருந்து ஜப்பானில் சுச்சியாமா, நாகஹாரா ஆகியோரும், அமெரிக்காவில் கேரி லாஃப்கிரன், ரோஜர் ஹீவின்ஸ் ஆகியோரும் தம் மாணவர்களும் செய்த இச்சோதனைகள் ஆரவாரமற்றவை. இன்றுவரை எந்தக் கருத்தும் தாண்டியாக வேண்டிய வாசற்படி அவைதாம்.

காண்டிரூல்களின் உள்ளமைப்பில் சில வகைகள் உண்டு. ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டவை, கண்ணாடிக் குழம்பில் பெரிய படிகங்கள் பல தனித்தனியே மிதப்பவை. சில, சன்னல் கம்பிபோல் இணையான ஒலிவின் பட்டைகள் கொண்டவை. சோர்பி கண்ட விசிறி அமைப்பு மூன்றாவது. இவ்வேறுபாட்டுக்குக் காரணத்தைக் கற்கண்டு காய்ச்சுபவர் எளிதில் சொல்லிவிடுவார். பாகில் நூல் கட்டித் தொங்கவிட்டால் படிகம் அதைப் பற்றிக்கொண்டு வளரும். பற்றிக்கொள்ள ஏதுமில்லாவிட்டால் பாகு நெடுநேரம் பாகாகவே கிடக்கும். துளிக்குள்ளும் அதே கதை. முழுவதும் உருகும் வெப்பநிலைக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டால், உருகாமல் எஞ்சிய பொடிகள் நூலாகப் பயன்பட்டுப் பல படிகங்கள் வளரும். அதைத் தாண்டிச் சூடேறினால் பற்றுக்கோடு அழிந்து, ஓரிரு இடங்களில் மட்டும் படிகம் தொடங்கிப் பட்டையாகவோ விசிறியாகவோ விரையும். ஆகவே பெரும்பான்மைத் துளிகள் ஏறத்தாழ 1,500 முதல் 1,800 டிகிரி வரை மட்டுமே காய்ந்தன; அதுவும் நெடுநேரம் அல்ல.

குளிர்ந்த வேகம் இன்னும் வியப்பானது. மணிக்கு 10 முதல் 1,000 டிகிரி வரை என்று உலைச் சோதனைகள் காட்டின. ஒரு தனித்துளி வெற்றுவெளியில் வெப்பத்தைக் கதிராக உமிழ்ந்தால் சில நொடிகளில் ஆறிவிடும். ஒரு கோளின் வயிற்றுக்குள் இருந்தால் ஆற ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். காண்டிரூல் ஆறியதோ மணிக்கணக்கில், அல்லது ஓரிரு நாளில். சுற்றிலும் அதே சூட்டில் எண்ணற்ற துளிகளும் வெப்ப வாயுவும் இருந்து, ஒன்றையொன்று போர்வைபோல் காத்தாலன்றி இது நடக்காது. நூற்றுக்கு நான்கைந்து காண்டிரூல்கள் இரண்டாக ஒட்டிக்கொண்டு உறைந்திருப்பதும் நெரிசலையே காட்டுகிறது.

சோடியமும் அதையே சொன்னது. உப்பில் உள்ள அந்தச் சோடியம் எளிதில் ஆவியாவது; அவ்வளவு சூட்டில் காண்டிரூலிலிருந்து விரைவில் வெளியேறியிருக்க வேண்டும். கானல் அலெக்சாண்டர் குழுவினர் செமர்கோனா விண்கல்லின் காண்டிரூல்களை ஆராய்ந்து, முதலில் உறைந்த ஒலிவின் படிகத்தின் நடுவிலேயே சோடியம் இருப்பதை 2008இல் காட்டினர். துளி திரவமாக இருந்த நேரம் முழுவதும் சோடியம் உள்ளேயே இருந்திருக்கிறது. அதற்குச் சுற்றுப்புறத்தில் தூசியின் செறிவு, வட்டில் இயல்பாக இருக்கக்கூடியதைவிடப் பன்மடங்கு மிகுந்திருக்க வேண்டும். எந்தக் கருத்தாளருக்கும் இது வசதியான செய்தியல்ல.

இன்னொரு குறிப்பும் உண்டு. சில காண்டிரூல்களுக்குள், அந்தத் துளியில் விளையாத பழைய ஒலிவின் துணுக்குகள் சிக்கியிருக்கின்றன. அவை முந்தைய தலைமுறைக் காண்டிரூல்களின் உடைசல்கள். உருகியது, உறைந்தது, உடைந்தது, மீண்டும் உருகியது. சுடர் ஒருமுறை மட்டும் எரிந்து அணையவில்லை.

காலக்கணக்கு அடுத்த சான்று. 1976இல் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தின் டைபூன் லீ, பாபனஸ்தாசியு, வாசர்பர்க் ஆகியோர், அயெண்டேயின் வெண்திட்டுகளில் அலுமினியம்-26 என்னும் கதிரியக்க ஐசோடோப்பு ஒரு காலத்தில் இருந்ததை உறுதிசெய்தனர். அதன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 7 இலட்சம் ஆண்டுகள். 456 கோடி ஆண்டுக் கணக்கில் அது நொடிமுள் போன்றது. அம்முள்ளைக் கொண்டு அளந்தபோது, பெரும்பாலான காண்டிரூல்கள் வெண்திட்டுகளுக்கு ஏறத்தாழ 20 இலட்சம் ஆண்டுகள் பிந்தியவை என்றும், சில வகைகள் அதனினும் பிந்தியவை என்றும் தெரிந்தது. அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஜே. என். கோஸ்வாமி குழுவினர் செய்த அளவைகளும் இக்கணக்கில் சேரும்.

மின்னல், அதிர்ச்சி அலை, சூரியக் காற்று

இத்தனை குறிப்புகளையும் வைத்துக்கொண்டு 1990களில் கருத்துகள் புதுப்பிக்கப்பட்டன. லோனி ஹுட்டும் மிகாய் ஹொரான்யியும் 1991இல் அதிர்ச்சி அலையைக் கணக்கிட்டுக் காட்டினர். ஒலியைவிட விரைந்து ஏதேனும் வாயுவைக் கிழித்தால், முன்னே வாயு திடீரென நெரிந்து சூடாகும். அதில் சிக்கும் தூசியுருண்டை உராய்விலும் கதிர்வீச்சிலும் உருகும். அலை கடந்தபின் சூடான வாயுவிலேயே மெல்ல ஆறும். ஸ்டீவன் டெஷ், ஹரால்டு கானலி ஆகியோர் 2002இல் செய்த விரிவான கணக்கில் குளிரும் வேகம் உலைச் சோதனைகளோடு ஒத்துவந்தது. இக்கருத்தின் வலு அதுவே. மின்னலுக்கு அவ்வளவு ஒத்திசைவு கிட்டவில்லை. மின்னல் வழி குறுகியது, துளி மிக விரைவில் ஆறிவிடும்.

ஃபிராங்க் ஷூ குழுவினர் 1996இல் முன்வைத்தது முற்றிலும் வேறானது. இளஞ்சூரியனின் அருகில் தூசி உருகியது, காந்தப்புலமும் வாயுப் பீறலும் அவ்வுருகுதுளிகளை அள்ளித் தொலைவில் எறிந்தன என்றனர். ஒருவகையில் சோர்பியின் சூரியப் பிழம்பு மீண்டும் வந்ததுபோல.

இவற்றுள் சிலவற்றைச் சல்லடையிட்டுக் கழித்ததும் செமர்கோனாவே. 1940 அக்டோபரில் இன்றைய மத்தியப் பிரதேசத்தில் விழுந்த இக்கல் சுமார் 690 கிராம் எடைதான். ஆனால் தான் சேர்ந்திருந்த தாய்க்கோளத்தில் பின்னர்ச் சூடேறிக் குலையாமல் தப்பிய சாதாரணக் காண்டிரைட்டுகளில் முதலிடம் அதற்கே. ரோஜர் ஃபூ, பெஞ்சமின் வைஸ் குழுவினர், அதன் சில காண்டிரூல்களின் ஒலிவினுக்குள் புதைந்த மிக நுண்ணிய இரும்புத் துகள்களின் காந்தத்தை அளந்தனர். ஒவ்வொரு காண்டிரூலும் ஒவ்வொரு திசையில் காந்தமேறியிருந்தது. ஆக, கல்லாகச் சேர்வதற்கு முன்பே, தனித்துளியாய்ச் சுழன்று ஆறியபோதே, அக்காந்தம் பதிந்துவிட்டது. அன்றைய புலத்தின் வலிமை ஏறத்தாழ 54 மைக்ரோடெஸ்லா என 2014இல் வெளியிட்டனர். இது பூமியின் காந்தப்புலத்தை ஒத்த அளவு. சூரியனின் வாயிலில் உருகியிருந்தால் புலம் இதைவிட மிக வலிதாய் இருந்திருக்கும். அக்கருத்து இதனால் பெரிதும் நலிந்தது. அதிர்ச்சி அலையும், மோதலும் தப்பின.

செங்கல்லைவிட மூத்த வீடு

மோதல் ஏன் மீண்டும் எழுந்தது என்பதற்கு இரும்பு விண்கற்கள் காரணம். இவை முழுவதும் உருகிய சிறு கோளங்களின் உட்கருக்கள். ஆஃபினியம், டங்ஸ்டன் ஐசோடோப்புகளைக் கொண்டு 2000க்குப் பிறகு அளந்தபோது, இக்கோளங்கள் வெண்திட்டுகளுக்குப் பின் 10 இலட்சம் ஆண்டுகளுக்குள்ளேயே திரண்டுவிட்டன என்று தெரிந்தது. பெரும்பாலான காண்டிரூல்களுக்கு அவை மூத்தவை. செங்கல் சூளைக்குப் போகுமுன்பே ஊரில் வீடுகள் இருந்தன. அவ்வீடுகளுள் பல, அலுமினியம்-26இன் வெப்பத்தால் உள்ளே குழம்பாக உருகியும் கிடந்தன. எனவே காண்டிரூல்கள் எல்லாக் கோளங்களுக்கும் முதற்செங்கல் என்ற எளிய சித்திரம் நிற்கவில்லை.

நைஜீரியாவில் 1984இல் விழுந்த குஜ்பா விண்கல் இடிபாட்டுக் கட்சிக்கு நேரடிச் சான்றானது. சி.பி. என்னும் அரிய பிரிவைச் சேர்ந்த அதில் உலோகமும் உருண்டைகளாகவே உறைந்திருக்கிறது. மணிகளிடையே இருக்கவேண்டிய நுண்தூள் அநேகமாக இல்லை. அலெக்சாண்டர் கிராட் குழுவினர் 2005இல் இவ்வகைக் கற்களின் காண்டிரூல்களுக்குக் கணித்த வயது, வெண்திட்டுகளுக்கு ஏறத்தாழ 50 இலட்சம் ஆண்டுகள் பிந்தியது. வட்டின் தூசியும் பெரும்பாலான வாயுவும் கலைந்துபோன காலம் அது. இரு பெருங்கோளங்கள் மோதி எழுந்த ஆவியும் குழம்பும் குளிர்ந்தே இவை பிறந்தன என்பதை இன்று அநேகமாக யாரும் மறுப்பதில்லை. ஒரு வகைக்காவது யூரே பக்கம் தீர்ப்பாகிவிட்டது.

மற்ற வகைகளுக்கும் அதையே நீட்டலாமா? பிரேண்டன் ஜான்சன் குழுவினர் 2015இல், இரு கோளங்கள் நொடிக்கு 2.5 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் மோதினால் தொடுமிடத்திலிருந்து உருகிய பொருள் தாரையாகப் பீறிட்டுத் துளிகளாகும் என்று கணித்தனர். 2025இல் நகோயாப் பல்கலைக்கழகத்தின் சிரோனோவும் இத்தாலியின் துர்ரினியும் இதில் நீராவியைச் சேர்த்தனர். பனியும் நீரும் கொண்ட கோளங்கள் மோதும்போது நீர் வெடித்து விரிந்து, உருகிய பாறையைச் சிறு துளிகளாகச் சிதறடிக்கும் என்பது அவர்கள் கருத்து. உலைக்கசடின்மேல் நீராவி பாய்ந்த ஷெபீல்டுக் காட்சியை இது நினைவூட்டுகிறது. அத்தகைய வேகத்தில் கோளங்களை மோதவிட்டது புதிதாகப் பிறந்த வியாழனின் ஈர்ப்பு. காண்டிரூல்களின் வயதைக் கொண்டு வியாழன் பிறந்தது வெண்திட்டுகளுக்கு 18 இலட்சம் ஆண்டுகள் பின் என்றும் கணக்கிட்டனர்.

எதிர்ச்சான்றுகளும் குறைவில்லை. உள்ளே உருகிய கோளத்தில் இரும்பு அடியில் தங்கிக் கல் மேலே மிதக்கும். அதிலிருந்து தெறித்த துளியின் சேர்மானம் சூரியனுடையதிலிருந்து விலகியிருக்க வேண்டும். பெரும்பாலான காண்டிரூல்கள் அவ்வளவு விலகவில்லை. சில கார்பன்வகைக் காண்டிரைட்டுகளில் மணிகளின் சேர்மானமும் இடைத்தூளின் சேர்மானமும் தனித்தனியே சூரியனோடு பொருந்தாமல், சேர்த்துப் பார்த்தால் பொருந்துகின்றன என்று ஹெர்பர்ட் பால்மே முதலியோர் காட்டியுள்ளனர். இரண்டும் ஒரே தூசித் திரளிலிருந்து பிரிந்தவை என்பதே இதன் பொருள். எங்கிருந்தோ தெறித்த துளியும் வேறெங்கோ கிடந்த தூளும் இப்படிக் கணக்குத் தீர்ப்பது அரிது. இவ்வளவீடுகளையே ஐயுறுவோரும் உள்ளனர்.

தொலைவும் ஒரு புதிர். ஸ்டார்டஸ்ட் விண்கலம் வைல்டு-2 வால்வெள்ளியிலிருந்து 2006இல் கொணர்ந்த தூசியில் காண்டிரூல் போன்ற துணுக்குகள் இருந்தன. ரியூகு சிறுகோளிலிருந்து ஹயபுசா-2 கொணர்ந்த மண்ணிலும் அத்தகைய மிகச் சிறியவை அகப்பட்டன. சூரியனுக்கு அருகில் உருகியவை பனி உறையும் தொலைவுக்குப் போய்ச்சேர்ந்திருக்க வேண்டும், அல்லது அங்கேயும் ஒரு சுடர் எரிந்திருக்க வேண்டும்.

இன்றுள்ள சான்றுகளை வைத்துப் பார்த்தால் எல்லாக் காண்டிரூல்களுக்கும் ஒரே காரணம் தேடுவது வீண்முயற்சி என்றே தோன்றுகிறது. குஜ்பாவின் மணிகளும் செமர்கோனாவின் மணிகளும் பெயரளவில்தான் உறவு. கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் கானலி, மார்ட்டின் பிசாரோ குழுவினர் 2012இல் காண்டிரூல்களின் வயதை ஈய ஐசோடோப்புகளைக் கொண்டு தனித்தனியே அளந்தனர். சில 30 இலட்சம் ஆண்டுகள்வரை பிந்தியவை. அலுமினியக் கணக்கு சொன்னதும் அதுவே. ஆனால் சில காண்டிரூல்கள் வெண்திட்டுகளின் வயதையே காட்டின. அப்போது வியாழனும் இல்லை, மோதிக்கொள்ள வளர்ந்த கோளங்களும் இல்லை.